கழற்றி வைத்த ஸ்டெப்னி

ஜூன் 3, திங்கள்

இன்று 9.8. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டரும் கொஞ்சமும். பெட்ரோல் பங்கிலேயே நின்று இரண்டு முறை கணக்குப் போட்டேன். ஓடியது 92 கிலோமீட்டர். டேங்க் வாய்வரை நிரம்ப 9.4 லிட்டர் பிடித்தது. போன மாதம் 10.6 வந்தபோதே ஒரு மாதிரியாக இருந்தது, மழைக்காற்று என்று விட்டுவிட்டேன். இந்த ஜீப் என் கைக்கு வந்து மூன்று வருடமாகிறது. பத்துக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை.

இருபத்தொன்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவன் நான். டீசல் சிக்கனத்துக்கு மூன்று முறை பரிசு வாங்கியிருக்கிறேன். அதில் கிடைத்த சுவர்க்கடிகாரம் இன்னும் முன்னறையில் ஓடுகிறது. டெப்போவுக்குப் புதிதாக வரும் டிரைவர்களிடம், "மைலேஜ் கொறஞ்சா வண்டியத் திட்டாதீங்கப்பா. மொதல்ல ஒங்க கையையும் காலையும் பாருங்க" என்பேன். அப்படிப் பேசியவனுக்கு 9.8 என்றால் சாப்பாடு இறங்குமா?

இப்போதைய வேலை இதுதான். காலை ஆறரைக்குப் போடியிலிருந்து பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, மெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் விட வேண்டும். மாலையில் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். மெட்டு வரை தார் ரோடு, பிறகும் கொஞ்ச தூரம் நல்ல ரோடு. கடைசி ஆறு கிலோமீட்டர் தோட்டத்துப் பாதை. பாறையும் சகதியும். நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஏறும்.

போன வாரம் மகளைப் பார்க்கத் திருப்பூர் போயிருந்தேன். நான்கு நாள் மொக்கராசு ஓட்டினான். சொந்த வண்டி இல்லாமல், லீவு போடுகிற டிரைவர்களுக்கு மாற்றாள் வேலை பார்க்கிறவன். அவன் எழுதி வைத்த சீட்டில் நான்கு நாளும் 11.2, 11.3 என்று இருக்கிறது. நம்பச் சொல்கிறான். கிலோமீட்டரைக் கூட்டி எழுதியிருப்பான்.

இன்னொன்று. ஆகஸ்ட் பத்தாம் தேதி லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். அறுபத்தொரு வயது ஆளை எல்லாம் தட்டிக் கொட்டிப் பார்ப்பார்கள். ஓட்டத் தகுதி இல்லை என்று எழுதிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசிக்கவில்லை. யோசிக்கவும் போவதில்லை. இந்த மைலேஜைப் பழையபடி ஏற்றிவிட்டால் எந்த டாக்டருக்கும் நான் பயப்பட வேண்டாம்.

ஜூன் 5, புதன்

9.7.

வீட்டு வாசலில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்த என் மனைவி போதுமணி என்னைப் பார்த்ததும், "என்ன, ஒத்தச் செருப்போட வர்றீக?" என்றாள்.

குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். திரும்பப் போய்ப் பார்த்தேன். செருப்பு கிளட்ச் பெடலுக்குக் கீழே கிடந்தது.

"தெருமுக்குல வண்டிய நிப்பாட்டிட்டு இம்புட்டுத் தூரம் சல்லிக்கல்லு மேல நடந்து வந்திருக்கீக. அதுகூடவா தெரியல?"

டிரைவர் மண்டைக்குள் ஆயிரம் ஓடும், செருப்பை நினைத்துக்கொண்டா நடப்பான் என்றேன். முப்பத்தாறு வருடமாக இவளுக்கு நான் பதில் சொல்லியே அலுத்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

காதர் பாய் பட்டறையில் அரை நாள். ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. டயர் காற்று சரி. டீசல் எங்கும் ஒழுகவில்லை. சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம், பிரேக் எதிலும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"கிளட்ச்ச எறக்கிப் பாத்துருவமா?" என்றார் காதர் பாய்.

"என் வண்டில கிளட்ச்சா? பஸ்ல ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஒரே பிளேட்டுல ஓட்டுனவன் பாய் நானு."

"அது தெரியும். சும்மா கேட்டேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

கிளட்ச் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டுவதுதான் கத்துக்குட்டி டிரைவரின் முதல் வியாதி. கொஞ்சம் அழுத்தினாலும் பிளேட் வழுக்கும். இன்ஜின் சுற்றுவது சக்கரத்துக்கு முழுசாகப் போய்ச் சேராது. டீசல் குடிக்கும், பிளேட் கருகும். டெப்போவில் கையில் ஒரு குச்சி வைத்திருப்பேன். கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றிய பிறகும் காலை எடுக்காதவன் முட்டியில் அதனால் ஒரு தட்டு. என்னிடம் போய்க் கிளட்ச் என்கிறார்.

ஜூன் 10, திங்கள்

9.5. காரணம் கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டெப்னி!

பின்கதவில் தொங்குகிறதே, அந்த ஐந்தாவது டயர். மலை ஏறும்போது அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. ஏலக்காய்க் கோடவுன் தராசில் வைத்துப் பார்த்தேன், தாங்கியோடு சேர்த்து 33 கிலோ. மூன்று வருடமாக ஒரு வேலையும் செய்யாமல் தினமும் மலை ஏறி இறங்கியிருக்கிறது.

காதர் பாய் சிரித்தார். "அப்ப மூணு வருசமா பதினொன்னு குடுத்தப்ப ஸ்டெப்னி எங்க லீவுல போயிருந்துச்சாண்ணே? அதுல மிச்சமாகுறது ஒரு டீ கிளாஸ் டீசல். அதுக்கு நீங்க தினம் ரெண்டு இட்லி கொறச்சுக்கலாம்."

டீ கிளாஸ் கணக்கிலிருந்துதான் நான் கடிகாரம் வாங்கினேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டு மாடிப்படிக்கு அடியில் உருட்டிவிட்டேன். வண்டியின் முதுகு மொட்டையாக இருக்கிறது. பார்க்க நன்றாக இல்லைதான்.

முதலில் கேட்டது அன்னக்கொடி. முப்பத்துநாலு வயது, எப்போதும் பின்கதவை ஒட்டிக் கடைசியில்தான் உட்காருவாள். வளைவுகளில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும், காற்று வேண்டும். கதவுக்கு மேலே கையை நீட்டி, ஸ்டெப்னி போல்ட்டில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிவிடுவது அவள் வழக்கம்.

"மாமா, ஸ்டெப்னிய எங்க? என் தூக்க எங்குட்டு மாட்ட?"

"மடியில வச்சுக்க. ஒரு மாசம் சோதனை."

"யாருக்குச் சோதனை? எனக்கா?" என்றாள். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜூன் 12, புதன்

9.6! ஒரு புள்ளி ஏறியிருக்கிறது. போதுமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

9.3. எதிர்க்காற்று.

ஜூன் 17, திங்கள்

தோட்டத்துப் பாதையில் பின்டயர் பஞ்சர். இறங்கிப் பார்க்கும் முன்பே ஸ்டியரிங்கில் தெரிந்துவிட்டது, இடது பின்சக்கரம் என்று. அந்த உணர்வு மட்டும் எனக்கு இன்னும் மங்கவில்லை.

ஆனால் மாற்ற டயர் இல்லை. பதினோரு பேரும் மழைத் தூறலில் பாறை மேல் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு தோட்டத்து ஜீப் வந்தது. ஓட்டி வந்தது மொக்கராசு. யாரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேனோ அவன். தன் ஸ்டெப்னியைக் கழற்றி அவனே மாட்டிக் கொடுத்தான். சகதியில் முட்டி போட்டு போல்ட்டை முறுக்கிக்கொண்டே கேட்டான்:

"சன்னாசிண்ணே, இந்தத் தடத்துல ஸ்டெப்னி இல்லாம யாராச்சும் வருவாங்களா?"

"மைலேஜ் பாக்குறேன்."

அவன் கொஞ்சம் தயங்கினான். "வண்டிப் பக்கம் கிளட்ச் கருகுற வாடை வருதுண்ணே. நாளைக்கு ஒரு நடை நான் ஓட்டிப் பாக்கவா? நீங்க பக்கத்துல உக்காருங்க."

எனக்கு வந்ததே கோபம். நீ நாலு நாள் ஓட்டிய லட்சணம்தான் இந்த வாடை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கிலோமீட்டரைக் கூட்டி எழுதத் தெரிகிறது, கிளட்ச்சை மிதிக்காமல் ஓட்டத் தெரியவில்லை என்றும் சொன்னேன். அவன் ஸ்பானரைத் துடைத்து என் வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனான். அது அவனுடைய ஸ்பானர்.

ஜூன் 18, செவ்வாய்

மொக்கராசின் டயரையும் ஸ்பானரையும் ஜீப் ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்தேன். அவன் அங்கே இல்லாத நேரமாகப் பார்த்து.

ஜூன் 21, வெள்ளி

9.1.

மேலே நல்ல மழை, அட்டை கொழித்துக் கிடக்கிறது. பெண்கள் காலில் புகையிலையும் உப்பும் தேய்த்துக்கொண்டும் அலறுகிறார்கள். தோட்டத்தில் டீ குடிக்கும்போது அன்னக்கொடி என் காலைக் காட்டி, "அய்யய்யோ மாமா" என்றாள். இடது காலில் மூன்று அட்டை, நாவல்பழம் கணக்காக ஊறிப்போய்த் தொங்கின. செருப்பெல்லாம் ரத்தம்.

"கடிச்சுச் சொரியக்கூட இல்லியா ஒங்களுக்கு?"

பழகிய உடம்பு, அட்டையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்றேன். டீக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை போடச் சொன்னேன். வீட்டில் போதுமணி கொடுக்கும் டீயில் இப்போதெல்லாம் இனிப்பே இல்லை.

ஜூன் 24, திங்கள்

போதுமணி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நடந்தது இவ்வளவுதான். கால் கழுவ உட்கார்ந்தபோது செருப்பு காலோடு வந்தது, கழலவில்லை. பார்த்தால் அடியிலிருந்து ஒரு ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியிருக்கிறது. அவள்தான் பிடுங்கினாள். எப்போது ஏறியது என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"டயருல ஆணி ஏறுனா நூறடிக்குள்ள கண்டுபிடிக்கிறீக. காலுல ஏறுனது தெரியல. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். எங்க அக்காவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு."

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஒரு சீட்டு எழுதுவார்கள். அந்தச் சீட்டு ஆகஸ்டு மாதம் என் லைசென்ஸ் முன்னால் வந்து நிற்கும். லைசென்ஸ் வாங்கிய மறுநாளே வருகிறேன் என்று சொன்னேன். அவள் ஆணியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 29, சனி

8.9. ஸ்டெப்னித் தாங்கியின் அடிச்சட்டம் இன்னும் கதவில் இருக்கிறது. அதையும் கழற்றிவிட்டேன். இன்னும் நாலு கிலோ குறையும்.

ஜூலை 4, வியாழன்

8.8. ஏறும்போது பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். முன்னால் போன லாரியின் வாடை என்றேன். முன்னால் லாரி இருந்தது. பாதி வழி வரைக்கும்.

ஜூலை 10, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

காலை எட்டு மணி. தோட்டத்துப் பாதையில் கடைசி ஏற்றம், மாமரத் திருப்பம் என்போம். மழை இல்லை, ஆனால் பாறை ஈரம். முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். இன்னும் கத்தியது. குப்பென்று புகை வாடை. கிளட்ச் முழுக்க விட்டுவிட்டது. வண்டி நின்றது, ஒரு நொடி நின்றது, பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்தேன். பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. இடது கைப்பக்கம் பள்ளம், நூறு அடிக்குக் குறையாது. உள்ளே பதினோரு பேரும் ஒரே குரலாக அலறினார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஈரப்பாறையில் வண்டி அதையும் இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியின் பின்புறத்தை மலைப்பக்கம் திருப்பினேன். பாறையில் இடித்து நின்றது.

பத்துப் பேர் இறங்கினார்கள். சிராய்ப்பு, நடுக்கம், வேறொன்றுமில்லை. அன்னக்கொடி இறங்கவில்லை. பின்கதவு உள்பக்கமாக மடிந்து, அவள் இடது கால் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்தது. அவள் கத்தவில்லை. "மாமா, காலு, காலு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவை நெம்பி அவளை எடுக்க இருபது நிமிடம் ஆனது. தூக்குச்சட்டி நசுங்கிச் சோறெல்லாம் அவள் மடியில் கிடந்தது.

கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. தேனியில் சேர்த்திருக்கிறார்கள்.

கேட்டவர்களிடமெல்லாம் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

வண்டியை விட்டுக் கடைசியாகத்தான் நகர்ந்தேன். என் இடது காலில் செருப்பு இல்லை. தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஜூலை 11, வியாழன்

சாப்பிடவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டேன். சத்தம் தாங்கவில்லை.

ஜூலை 13, சனி

வண்டியை இழுத்து வந்து காதர் பாய் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். இன்று கூப்பிட்டார். கிளட்ச் பிளேட்டைக் கையில் கொடுத்தார். கருகி, வழவழப்பாகி, ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. இந்த மாதிரிப் பிளேட்டை நான் டெப்போவில் பார்த்திருக்கிறேன். யார் ஓட்டினார்கள் என்று அதட்டிக் கேட்டும் இருக்கிறேன்.

"கால எடுக்காம ஓட்டுனது" என்றார் காதர் பாய். "ஒரு நாள் ரெண்டு நாள்ல இப்பிடி ஆகாது. மாசக்கணக்கு."

"மொக்கராசு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வண்டியின் பின்பக்கம் கூட்டிப் போனார். மடிந்த கதவைத் தொட்டு, "ஸ்டெப்னி இருந்திருந்தா மொதல்ல அதுதான் பாறையில மோதியிருக்கும். ரப்பரு வாங்கிக்கிட்டிருக்கும். கதவு இம்புட்டு உள்ள வந்திருக்காது" என்றார். பிறகு, "பிரேக்க முழுசா பிரிச்சுப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. ஏன் பிடிக்கலன்னுதான் புரியல" என்றார்.

எனக்கும் புரியவில்லை என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஸ்டாண்டில் எல்லோரும் மொக்கராசு கெடுத்த கிளட்ச் என்று பேசுகிறார்கள். நான் காதர் பாயிடம் மட்டும்தான் சொன்னேன். இல்லை, டீக்கடையிலும் சொன்னேன். அவனுக்கு இனி யாரும் மாற்றாள் வேலை கொடுப்பதில்லையாம். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவன் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லையாம். மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஆள் கிடைத்திருக்கும்.

ஜூலை 19, வெள்ளி

வீட்டில் சும்மா இருக்கிறேன். இந்த டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மே 28, 29, 30, 31 தேதிகளில் மொக்கராசு எழுதிய சீட்டை ஊக்கால் குத்தி வைத்திருக்கிறேன். 11.2, 11.3, 11.2, 11.2. ஓடோமீட்டர் எண்ணையும் எழுதியிருக்கிறான். திரும்பி வந்த அன்று பார்த்த எண்ணிலிருந்து, நான் திருப்பூர் போவதற்கு முதல்நாள் எழுதிய எண்ணைக் கழித்துப் பார்த்தேன். சரியாக வருகிறது. அவன் ஒரு கிலோமீட்டரும் கூட்டி எழுதவில்லை.

அதே வண்டி. அதே பாதை. ஸ்டெப்னியும் இருந்தது. ஆள் மட்டும் வேறு.

ஜூலை 21, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். போதுமணி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு காலடியில் வந்து உட்கார்ந்தாள். பேசாமல் இருந்தவள் இத்தனை நாள் கழித்துப் பேசினாள்.

"கண்ண மூடுங்க. நான் எந்த விரலத் தொடுறேன்னு சொல்லணும். எங்கக்காவுக்கு நர்ஸம்மா இப்பிடித்தான் பாத்தாக."

விளையாட்டு என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் ஆனது. காக்கை கத்தியது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"ம், தொடு" என்றேன்.

பதில் இல்லை.

"தொடுறியா இல்லையா?"

"பத்து விரலையும் தொட்டு முடிச்சிட்டேன்" என்றாள்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். குச்சியை என் இடது கட்டை விரலில் ஊன்றிப் பிடித்திருந்தாள். குச்சி வளைந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அவள் அழுதாள். நானும் அழுதேன். அறுபத்தொரு வயதில் அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

டாக்டர் பார்த்தார். சர்க்கரை 346. அதிரும் கம்பி ஒன்றைக் காலில் வைத்து, நின்றதும் சொல்லுங்கள் என்றார். ஆரம்பித்ததே எனக்குத் தெரியவில்லை. இடது காலில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் உணர்வு போய்விட்டது. வலதும் தொடங்கியிருக்கிறது. வருடக்கணக்காக இருந்திருக்கும் என்கிறார். மாத்திரை, ஊசி, மெத்தென்ற செருப்பு, தினமும் கால் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டக்கூடாது.

சரி என்றேன்.

இந்த டைரியில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பத்தாம் தேதி என் இடது செருப்பை நான் எடுத்தது பிரேக் பெடலுக்குக் கீழேயிருந்து. பெடல் இறங்காமல் போனது அதனால்தான். காலிலிருந்து அது எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கே கிடந்தது என்பது எனக்குத் தெரியும். அன்னக்கொடியைத் தூக்கிப் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குனிந்து எடுத்து மாட்டினேன். கிளட்ச்சைக் கருக்கியதும் என் கால். கால் மரத்தது என் குற்றமில்லை. செருப்பை மறைத்ததும் மொக்கராசின் பெயரைச் சொன்னதும் நான்தான்.

ஜூலை 23, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர்கள் எட்டுப் பேர், வேலைக்குப் போக நின்ற பெண்கள், எல்லோரும் இருந்தார்கள். மொக்கராசைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவன் வந்து சற்றுத் தள்ளி நின்றான்.

சொன்னேன். செருப்பு, கிளட்ச், கால், சீட்டில் அவன் எழுதியது சரி என்பது, எல்லாவற்றையும். பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் சொல்கிற குரலில் சொல்ல வேண்டும் என்று வீட்டில் பழகிப் போயிருந்தேன். பாதியில் குரல் போய்விட்டது.

முன் சீட்டில் உட்காரும் ராமுத்தாய், "அப்ப ஒரு மாசமா நாங்க எமன் வண்டியிலதான் போயிருக்கோம்" என்றாள். அவள் சொன்னது சரி.

மொக்கராசிடம் சாவியை நீட்டினேன். வண்டி என்னுடையதாகவே இருக்கட்டும், ஓட்டுவது இனி அவன்தான் என்றேன். அவன் உடனே வாங்கவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்கண்ணே. எம் புள்ளைக காதுக்கும் போச்சு."

"அதான் இன்னிக்கும் எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"அது பத்தாதுண்ணே. வீட்டுக்கு வந்து அதுககிட்டயும் சொல்லணும்."

போனேன். மூத்தவள் எட்டாவது படிக்கிறாள். உங்கள் அப்பா கிளட்ச்சைக் கெடுக்கவில்லை, நான்தான் கெடுத்தேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சடை பின்னப் போய்விட்டாள். பிறகுதான் மொக்கராசு சாவியை வாங்கினான்.

ஜூலை 25, வியாழன்

அன்னக்கொடியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போதுமணியும் நானும் போனோம். காலில் கம்பி வைத்துத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தாள். ஆறு மாதம் தோட்டம் பக்கம் போக முடியாது. இந்த வருட அறுவடை அவளுக்கு இல்லை.

எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் காலைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"எனக்கு ராவும் பகலும் வலிக்குது மாமா. ஒங்களுக்கு ஆணி ஏறுனாலும் வலிக்கலைங்கிறீக. இதுல யாரு பாவம்னு எனக்குத் தெரியல" என்றாள். "ஆனா எனக்குக் கோவம் இருக்கு. போகாது. சும்மா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன்."

சொல்ல வேண்டாம் என்றேன். வாசலுக்கு வந்த பிறகு உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, ஸ்டெப்னிய மாட்டிட்டீகளா?"

"வண்டி பட்டறைய விட்டு வந்ததும் மாட்டிருவாக."

"மாட்டச் சொல்லுங்க. திரும்பி வந்தா தூக்க மாட்ட எடம் வேணும்."

ஜூலை 29, திங்கள்

காதர் பாய் கதவை நிமிர்த்தி, புதுப் பிளேட் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார். மாடிப்படிக்கு அடியிலிருந்து ஸ்டெப்னியை நான்தான் உருட்டி வந்தேன். மாட்டியது மொக்கராசு. அன்று சகதியில் போல்ட்டை முறுக்கிய அதே ஸ்பானர்தான் அவன் கையில் இருந்தது.

முதல் நடைக்கு என்னையும் வரச் சொன்னான். முன் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன், கால் பெடலைத் தேடும். பின்கதவை ஒட்டி, அன்னக்கொடியின் இடத்தில் உட்கார்ந்தேன். மூன்று வருடம் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து ரோடு தெரியாது, பின்னால் விட்டு வந்த வளைவுகள்தான் தெரியும். நான்காவது வளைவிலேயே எனக்கு வயிற்றைப் புரட்டியது. கையை வெளியே நீட்டி ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டேன். அதன் குளிர்ச்சி கையில் தெரிந்தது. கையிலாவது தெரிகிறதே என்று ஆறுதலாக இருந்தது.

மாமரத் திருப்பத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது. கருகும் வாடை இல்லை. நான் வாய்விட்டு அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மாலையில் பங்கில் நிரப்பிவிட்டு மொக்கராசு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். டைரியில் நானே எழுதினேன்.

கிலோமீட்டர் 92. டீசல் 8.2 லிட்டர். 11.2. ஓட்டியது மொக்கராசு. ஸ்டெப்னி வண்டியில் இருந்தது.